எட்டடிக் கூடு

காஜா பெராங், மலாக்கா.
4.9.1960

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் தூக்கத்தில் எழுதினேன் என்று நினைக்க வேண்டாம், விளக்கு மங்கல், அவ்வளவுதான். ஜெயா இப்போதுதான் கண்ணை மூடினாள். அவள் விழித்திருக்கும்போது பேனாவைத் தொட்டால், அப்பாவுக்கா, நானும் எழுதுகிறேன் என்று மடியில் ஏறிவிடுகிறாள். அப்துல் கய்யூம் நானாவின் லாரி விடியும் முன்னே சிங்கப்பூருக்குப் புறப்படுகிறது. மிளகாய் மூட்டைகளை இறக்கியதும் நேரே பாய லேபார் விமான நிலையத்துக்கு வந்து, சரக்குப் பிரிவில் உங்கள் கையிலேயே இதைக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தபாலில் போட்டால் ஒரு நாள் கூடுதல். இப்போது எங்களுக்குப் பணத்தைவிட நாள்தான் பெரிய செலவு.

போர்னியோவிலிருந்து, லோங் மெரான் நர்ஸ் மிஸ்ஸி எழுதிய கடிதம் நேற்று வந்தது. அந்த மலைக்காட்டு மருத்துவசாலையில் அவள் ஒருத்திதான் எல்லாம். இவருக்குக் கால் இரண்டும் அசையவில்லை. இளம்பிள்ளை வாதம் பெரியவர்களைப் பிடித்தால் இப்படித்தான் முரட்டுத்தனமாகப் பிடிக்கும் என்கிறாள். விழித்திருக்கும்போது தானாக மூச்சு விடுகிறாராம். தூங்கினால்தான் நெஞ்சு தன் வேலையை மறந்துவிடுகிறதாம். நில அளவைக்கு இவரோடு சங்கிலி பிடிக்கப் போன ஆட்கள் முறை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தூக்கி இறக்கி, விலாவை அமுக்கி, மூச்சு வாங்க வைக்கிறார்கள். உங்கள் கணவர் தூங்கப் பயப்படுகிறார் என்று கடைசியில் ஒரு வரி. அண்ணா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காயும் முன்னே கண் சொக்கிப்போகிற மனிதர் அவர்.

லாபுவான் தீவிலிருந்து ஒரு தடவை பறந்து போய்ப் பார்த்த டாக்டர் அவரைத் தூக்கி வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். உயரத்தில் பறந்தால் இருக்கிற மூச்சும் நின்றுவிடுமாம். மூச்சுப் பெட்டி அங்கே போக வேண்டும், சில வாரம் அதற்குள் படுத்து நெஞ்சு தேறிய பிறகுதான் நகர்த்தலாம் என்கிறார். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற பெட்டி எல்லாவற்றிலும் ஆள் படுத்திருக்கிறது என்று நீங்களே விசாரித்து எழுதினீர்கள். ஒரு பிள்ளை எழுந்தால் இன்னொரு பிள்ளை காத்திருக்கிறது. அந்தத் தாயிடம் போய் நான் என்ன கேட்பது?

கடைசியில் இங்கேயே ஒன்று கிடைத்தது. இந்த ஊர் மருத்துவமனை ஒன்றின் சாமான் அறையில், யுத்தத்துக்கு முன்னால் வந்து, யாரும் தொடாமல் கிடந்தது. இரும்பில்லை, பலகையால் செய்தது. தலை வெளியே, உடம்பு உள்ளே. மோட்டார் உள்ளிருக்கும் காற்றை இழுக்கும்போது நெஞ்சு தானாக விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. மின்சாரம் நின்றால் கையால் அசைக்க ஒரு பிடியும் உண்டு. மேட்ரன் அம்மா மேலே கிடந்த துணியை விலக்கியபோது உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. மாமா குனிந்து பார்த்துவிட்டு, எலி இதற்குள் மூச்சு விட்டிருக்கிறது, என் மகன் விடமாட்டானா என்றார். மேட்ரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கழுத்தைச் சுற்றி வரும் ரப்பர் மட்டும் நைந்திருந்தது. அதைக் கய்யூம் நானா சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்து, ட்யூபை வெட்டிப் புதிதாகச் செய்து வாங்கி வந்தார்.

மருத்துவமனைக் கமிட்டி அதை இரவல் தரச் சம்மதித்தது. ஆனால் பெட்டியை ஒரு மரக்கூட்டுக்குள் அடைக்க வேண்டும், கூட்டுக்கு ஈய முத்திரை வைப்பார்கள், அதை லோங் மெரானில் மிஸ்ஸிதான் உடைக்க வேண்டும், நடுவில் யார் கை வைத்தாலும் பொறுப்பு எங்களுடையது. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டோம்.

சரக்குக் கூலியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பெட்டி அவ்வளவு கனமில்லையே, கூலி எடைக்குத்தானே என்று நாங்கள் நினைத்திருந்தோம். எடை குறைவாக இருந்தாலும் அடைக்கிற இடத்துக்குக் கூலி என்று நீங்கள் விளக்கிய பிறகுதான் புரிந்தது. பெட்டிக்குள் முக்கால்வாசி வெறும் காற்று. காற்றுக்குக் கூலி கொடுத்து, காற்று இல்லாதவருக்குக் காற்று அனுப்புகிறோம். லாபுவானுக்கு அப்பால் போகும் சின்ன விமானத்தில் நாற்காலிகளைக் கழற்ற வேண்டும், அன்று வேறு ஆள் ஏற முடியாது, ஆகவே முழு விமானத்துக்கும் நாம் கொடுக்க வேண்டும், அது வெறுமையாகத் திரும்பி வருவதற்கும் நாம்தான் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துகொண்டேன். ஆற்று வழியாக அனுப்பலாமே என்று கேட்கத்தான் இருந்தேன். அந்த ஆற்றில் ஆட்களை இறக்கி நடக்கவிட்டு, படகைக் கயிறு கட்டிப் பாறை மேல் இழுக்கிறார்கள் என்று இவரே முன்பு எழுதியிருக்கிறார். பணத்துக்கு வழி செய்துவிட்டோம். எப்படி என்று கேட்காதீர்கள். கய்யூம் நானா லாரிக்கு ஒரு காசு வாங்க மாட்டேன் என்கிறார். குருபோங்கில் தோட்டத் தகராறு வந்தபோது உன் வீட்டுக்காரர் எல்லைக்கல்லைத் தோண்டிக் காட்டினார், அது போதும் தங்கச்சி என்று விட்டார்.

கூடு ஏழடிக்கு மேல் போகக் கூடாது, சின்ன விமானத்தின் கதவுக்குள் சாய்த்துத் திருப்ப அதற்கு மேல் இடமில்லை என்று அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மாமாதான் உரக்கப் படித்தார். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துத் தம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூச்சுப் பெட்டி ஆறரை அடி. பலகைக் கனத்தோடு ஏழடிக்குள் கச்சிதமாக அடங்கும். சீனத் தச்சர் ஆ ஹொக் இன்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் வேலையைத் தொடங்கிவிட்டார். மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து அரசாங்கக் கட்டடங்களைக் கட்டிய மாமா பக்கத்தில் நின்று மேற்பார்க்கிறார், எனக்கென்ன கவலை.

பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். செட்டி வீட்டு அக்கா, நெற்றி நிறையத் திருநீறு, பேச்செல்லாம் மலாய். வேலி மேல் எட்டிப் பார்த்து, யாருக்குக் கப்பல் கட்டுகிறீர்கள், எனக்கும் ஓர் இடம் வையுங்கள் என்று மலாயில் கேட்டார். இது கப்பல் இல்லை, பறக்கிற வீடு, வாடகை அதிகம் என்றார் ஆ ஹொக். மாமாகூடச் சிரித்தார். ஜெயாவுக்கு நேற்று லேசாக உடம்பு சுட்டது. பயப்படாதீர்கள், சளிதான். ஆனால் உடம்பு சுட்டால் போதும், நான் அவள் உள்ளங்காலைச் சுரண்டிப் பார்க்கிறேன். கால் இழுத்துக்கொண்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

உங்களிடம் கேட்பது இதுதான். இந்த வாரமே லாபுவானுக்குப் போகும் பெரிய விமானத்தில் இடம் பிடியுங்கள். சரக்குக் காகிதங்களை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். அளவு ஏழடி என்றே போடுங்கள். கூடு வந்த பிறகு அளந்து எழுதலாம் என்று இருந்தால் ஒரு விமானம் தவறிப்போகும். மேலதிகாரியிடம் எனக்காகக் கேளுங்கள். உங்களுக்குக் கெஞ்சத் தெரியாது என்று தெரியும். அண்ணியைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
பூரணம்


காஜா பெராங், மலாக்கா.
9.9.1960

அன்புள்ள அண்ணாவுக்கு,

லாரி போய்விட்டது. நீங்கள் இதைப் படிக்கும்போது கூடு உங்கள் கிட்டங்கியில் இருக்கும். ராத்திரி வந்து சேரும், அந்நேரம் உங்களுக்கு வேலையில்லை என்பதால் காவலாளியிடம் சொல்லி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று.

தூக்கி ஏற்ற இந்தத் தெருவே வந்தது. நான் நினைத்ததைவிட நீளமாகத்தான் தெரிந்தது. லாரியின் பின்கதவை மூட முடியவில்லை, திறந்தபடியே கட்டி, நுனியில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டார்கள். பலகையின் கனம் என்று நினைத்துக்கொண்டேன். பெரிதாக இருந்தால் பத்திரமாகப் போகும் என்று ஓர் ஆறுதல்கூட வந்தது. தெய்வானை அக்கா தேங்காய் உடைத்தார். கய்யூம் நானா எஞ்சினை ஓடவிட்டு, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு தாமும் ஓதிவிட்டு வண்டியை எடுத்தார். மாமா கூட்டின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு தெருமுனை வரை லாரியோடு நடந்தார். திரும்பி வந்து, பிள்ளை, சோறு போடு என்றார். இந்த இரண்டு வாரத்தில் அவராகச் சோறு கேட்டது இன்றுதான்.

இவருக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதிக் கூட்டின் மேலேயே ஒட்டியிருக்கிறேன். மிஸ்ஸி படித்துக் காட்டுவாள். பெட்டி வருகிறது, பயமில்லாமல் தூங்குங்கள் என்று மட்டும் எழுதினேன். வேறு என்ன எழுத?

பூரணம்


காஜா பெராங், மலாக்கா.
18.9.1960

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்றும் ராத்திரியில்தான் எழுதுகிறேன். இதோடு மேட்ரன் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை வைத்திருக்கிறேன். கிடைத்தவுடன் லாபுவானுக்குத் தந்தி அடியுங்கள். முத்திரையை உடைக்கட்டும், கூட்டைப் பிரித்துப் போடட்டும், பெட்டியை மட்டும் விமானத்தில் ஏற்றட்டும். பெட்டி ஆறரை அடிதான், கட்டாயம் நுழையும். மற்றதைப் பிறகு எழுதுகிறேன் என்று நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை.

லாபுவானில் கூடு சின்ன விமானத்தின் கதவுக்குள் திரும்பவில்லை, அளந்தால் ஏழடி இல்லை, எட்டடி என்று நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடித்த தந்தியை வகுப்பு நடுவில் நின்று படித்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கைப் போடச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். எட்டடி எப்படி வந்தது என்று ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே ஆ ஹொக்கின் பட்டறைக்குப் போனேன்.

அவர் மறைக்கவே இல்லை. பெரியவர்தான் எட்டுப் போடச் சொன்னார் என்றார். ஏழடியில் மனிதனைப் படுக்க வைக்கக் கூடாது, ஏழு வீட்டுக்கு ஆகாது, எட்டு ராஜ அளவு என்று சொன்னாராம். விமானக் கதவைப் பற்றி மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களுக்கு ஏழு, எங்களுக்கு நாலு, சாவு என்று ஒலிப்பதால் எங்கள் ஆட்களும் நாலைத் தொட மாட்டார்கள், அதனால்தான் நான் ஏன் என்று கேட்கவில்லை, கூடுதல் பலகைக்குக் காசும் வாங்கவில்லை என்றார். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மாமா எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் நம் ஆட்கள் யார் வீடு கட்டினாலும் மனையடி பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் கல்யாணத்துக்கு வந்த கட்டிலையே அளவு சரியில்லை என்று பண்டார் ஹிலிர் கடைக்குத் திருப்பி அனுப்பியவர். நான் கேலி செய்வேன். படித்த பிள்ளை, நீ பாடத்தை அளந்து நடத்து, நான் சுவரை அளந்து கட்டுகிறேன் என்பார். உங்கள் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தபோது என்ன நினைத்தார் என்று இப்போது தெரிகிறது. ஏழு என்ற எண்ணுக்குள் தன் மகனைப் படுக்க வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஓரடியில் என்ன வந்துவிடும், விமானக்காரர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், மராமத்தில் நாங்களும் அப்படித்தான் சொல்வோம் என்று நினைத்திருப்பார்.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு போட என்னால் முடியவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டேன். தெய்வானை அக்காதான் வந்து போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் மாமா ஜெயாவுக்குச் சோற்றை உருட்டி உருட்டிக் கொடுத்துக்கொண்டு, இது உனக்கு, இது அப்பாவுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கத்த வேண்டும் என்று இருந்தது. நீங்கள்தான் செய்தீர்கள் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் அந்தத் தட்டிலேயே விழுந்திருப்பார். நான் எழவில்லை.

மறுநாளிலிருந்து மருத்துவமனைக்கு அலைந்தேன். முத்திரையை உடைக்கக் கமிட்டிச் செயலாளர்தான் அனுமதி தர வேண்டும், அவர் போர்ட் டிக்சனுக்கு விடுமுறையில் போயிருக்கிறார், எந்த விடுதி என்று யாருக்கும் தெரியாது. பெட்டி தன்னுடையது இல்லை என்று மேட்ரன் முதலில் மறுத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் போய் அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்துகொள்வேன். போகிறவர்களும் வருகிறவர்களும் நோயாளி என்று நினைத்து இடம் விட்டார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமையும் போய் உட்கார்ந்தேன். மேட்ரன் வெளியே வந்து பார்த்துவிட்டு, உள்ளே கூப்பிட்டு, தம் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார். இதனால் என் வேலை போனால் உன் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலையாவது வாங்கிக் கொடு என்றார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

காகிதத்தில் ஏழடி என்று எழுதி எட்டடிச் சரக்கை ஏற்றியதற்கு உங்களிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று கய்யூம் நானா சொன்னார். நீங்கள் எழுதவில்லை. முன்கூட்டி ஏழடி என்று போடச் சொன்னது நான். என் முதல் கடிதம் உங்களிடம் இருந்தால் அதைக் காட்டுங்கள். என் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள்.

மாமாவிடம் மழை என்று சொல்லியிருக்கிறேன். லோங் மெரானில் விமானம் இறங்கும் புல்தரை நனைந்து சேறாகிவிட்டது, காய்ந்தால்தான் இறங்க முடியும், பெட்டி லாபுவானில் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். பொய் சொல்ல இவ்வளவு எளிதாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் கோப்பிக் கடை வானொலியில் செய்தி கேட்கப் போகிறார். போர்னியோ வானிலையை யார் சொல்லப் போகிறார்கள்? இருந்தாலும் போகிறார். காலையில் வாசலில் நின்று கிழக்கே பார்த்து, அந்தப் பக்கம் மேகம் கலைகிறது பிள்ளை, இன்றைக்குப் போய்விடும் என்கிறார். நான் ஓம் மாமா என்கிறேன்.

இனிமேல் எழுத வேண்டியதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

மிஸ்ஸியிடமிருந்து ஐந்தாறு நாளாகக் கடிதம் இல்லை. அங்கிருந்து அவசரத் தந்தி எது வந்தாலும் முதலில் உங்களுக்குத்தான் வரும். அப்படித்தான் ஏற்பாடு. நேற்று மாமா பெயருக்கு உங்கள் கடிதம் வந்தது. நான்கு வரி. கூட்டைப் பற்றி ஒன்றுமில்லை, விமானத்தைப் பற்றி ஒன்றுமில்லை. பூரணத்தையும் ஜெயாவையும் கொஞ்ச நாள் சிங்கப்பூருக்கு அனுப்பி வையுங்கள், அண்ணிக்குத் துணையாக இருக்கும், நீங்களும் கூட வாருங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் நடக்கிற மாதத்தில் நீங்கள் இதுவரை என்னை வரச் சொன்னதில்லை. விடுப்பு எடுத்தால் திட்டுகிறவர் நீங்கள். மாமா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்து, உன் அண்ணனுக்கு உன் மேல் எவ்வளவு பாசம் பார் என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அண்ணா, இத்தோடு அனுமதிக் கடிதத்தை வைத்திருக்கிறேன். அதற்கு இனி வேலை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருக்கிறது என்று நினைத்துத்தான் அனுப்புகிறேன்.

நீங்கள் இரண்டு கடிதம் எழுத வேண்டும். ஒன்று மாமா பெயருக்கு, வீட்டுக்கு. அதில் மழை என்று எழுதுங்கள். அங்கே இத்தனை நாளும் விடாமல் பெய்தது, புல்தரை காயவே இல்லை, யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று எழுதுங்கள். நடந்தது எதுவாக இருந்தாலும் மழையால் நடந்தது என்று எழுதுங்கள். கூட்டின் நீளத்தைப் பற்றி ஓர் எழுத்தும் அதில் வேண்டாம். உங்களுக்குப் பொய் எழுத வராது. ஆனாலும் எழுதுங்கள், அவருக்கு ஒரே மகன்.

இன்னொன்று என் பெயருக்கு, பள்ளிக்கூடத்துக்கு. அதில் மழை வேண்டாம்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
பூரணம்